பசியாவரத்தில் ஐஸ்கிரீமும் ஐஸ் தயிரும்

ஆரம்ப சுகாதார நிலைய லேப்பில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் நித்யா அவ்வப்போது எனக்குப் போன் செய்வாள். பெரும்பாலும் மெஷின் தகராறு பற்றித்தான் பேச்சு இருக்கும். போன வாரம் வேறு சந்தேகம் கேட்டாள். பொன்னேரி ரோட்டில் ஃப்ரோசன் யோகர்ட் கடை ஒன்று திறந்திருக்கிறார்களாம். கண்ணாடிக் கதவு, பிடியை இழுத்தால் சுருள் சுருளாக விழும் மெஷின், மேலே தூவிக்கொள்ளக் கிண்ணம் கிண்ணமாக ஏதேதோ. சர்க்கரை நோயாளிகள் ரத்தம் கொடுக்க விரலை நீட்டிக்கொண்டே, ஐஸ்கிரீம்தான் கூடாது, இது தயிர்தானே, சாப்பிடலாமா என்று கேட்கிறார்களாம்.

"ஒரே வரியில சொல்லுங்க மேடம். எது உடம்புக்கு நல்லது?"

ஒரே வரியில் எனக்கு வரவில்லை. உறைய வைத்த தயிரில் பொதுவாகக் கொழுப்பு குறைவு. தயிரில் இருக்கும் நல்ல கிருமிகளில் கொஞ்சம் அந்தக் குளிரையும் தாங்கி உயிரோடு இருக்கும். ஆனால் புளிப்பை மறைக்கச் சர்க்கரையை அள்ளிப் போட்டிருப்பார்கள். ஐஸ்கிரீமில் கொழுப்பும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. நோய் நொடி இல்லாதவர்கள் எப்போதாவது எதைச் சாப்பிட்டாலும் குடி முழுகிவிடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். இதைச் சொல்லி முடித்ததும் நித்யா சிரித்தாள். "இது ஒரு வரி இல்ல மேடம், ஒரு பக்கம்" என்றாள். லேப்பில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு இந்த விவரமெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டாள். பசியாவரத்து மருமகள்கள் இரண்டு பேரால் தெரியும் என்றேன். அதை எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள்.

நான் காட்டூர்க்காரி. வயல்காட்டு வீடு. நெல்லைத் தொட்டுப் பார்த்தே ரகம் சொல்லுவேன்; வேலையில் சேரும் வரைக்கும் உயிரோடு ஒரு நண்டைத் தொட்டதில்லை. சென்னையில் லேப் டெக்னீஷியன் படிப்பு, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சளி, ரத்தம், சிறுநீர், மறுபடியும் சளி. பிறகு சில ஊர்கள் சுற்றிவிட்டுப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்கே மாற்றல் வாங்கி வந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கிருந்து நகரவில்லை. என் பெயர் யாருக்கும் தெரியாது. லேப்பம்மா என்றால் பழவேற்காட்டில் படகுக்காரர்கூட வழி சொல்லுவார்.

ஏரியில் வேலை செய்கிறவர்களின் விரல் எனக்குப் புதுப் பாடமாக இருந்தது. சேற்றில் கையை விட்டுத் தடவி இறால் பிடிக்கிறவர்களின் விரல் நுனி நத்தை ஓடு மாதிரி இறுகிப் போயிருக்கும். ஊசி வழுக்கிக்கொண்டு போகும். குத்துகிற எனக்குத்தான் பயமே தவிர, அவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போகப் போகக் கற்றுக்கொண்டேன். முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வைக்க வேண்டும். பழம் உரித்த விரலோடு வந்தால் மெஷின் பழத்தையும் சேர்த்து அளந்து, ஆளைச் சாகக் கிடக்கிறவர் மாதிரி காட்டிவிடும். கழுவிய கையை நன்றாகத் துடைத்து, கொஞ்ச நேரம் கீழே தொங்க விட வேண்டும். மோதிர விரலில், நுனியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் குத்த வேண்டும். முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைத்தான் ஸ்ட்ரிப்பில் தொட்டு எடுக்க வேண்டும். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் இதில் ஒன்றையும் விடக்கூடாது. விட்டால் டாக்டர் மரகதம் கண்டுபிடித்துவிடுவார்.

டாக்டர் மரகதம்தான் எங்கள் மெடிக்கல் ஆபீசர். குரல் மிகச் சன்னமாக இருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் குனிந்தால்தான் காதில் விழும். நோயாளிகளைக் கவனமாகக் கேட்க வைக்க அவர் செய்யும் தந்திரம் அது என்று நான் பல நாள் வியந்துகொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன். சின்ன வயதில் தொண்டையில் ஏதோ வந்து குரல் அப்படியே நின்றுவிட்டதாம். தந்திரம் வேறு இடத்தில் இருந்தது. ஒரு கேள்வி கேட்பார், பிறகு பேசாமல் இருப்பார். எதிராளி பதில் சொல்லும் வரை முகத்தில் ஒரு எரிச்சலும் இல்லாமல் காத்திருப்பார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் குடியை மறைத்தவர்கள், மாத்திரையை ஏரியில் வீசியவர்கள் எல்லாரும் தாங்களாகவே ஒப்புக்கொள்வார்கள். கடைசியில் "சரிம்மா" என்பார். யாரையும் அவர் திட்டி நான் பார்த்ததில்லை.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. சர்க்கரை நோயாளி கையை நீட்டிக்கொண்டு வந்தால் இவர் காலைக் கேட்பார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர்கள் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். ஒரு பிடியில் செருகிய நைலான் இழை அவர் பையில் எப்போதும் இருக்கும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அந்த இழையால் பாதத்தில் அங்கங்கே மெல்ல அழுத்துவார். தெரிந்தால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். எந்த இடத்தில் தெரியவில்லையோ அங்கே உணர்ச்சி போய்விட்டது என்று அர்த்தம். சிப்பி கிழித்தாலும் அந்த இடம் சொல்லாது. மீன்காரர்களுக்கு இந்தச் சோதனை நல்ல வேடிக்கை. இது தங்கூசி நூல்தானே, வலையில் இருக்கிறதே, இதற்கா ஆஸ்பத்திரியில் இவ்வளவு மரியாதை என்பார்கள்.

பசியாவரம் ஏரிக்கு நடுவில் இருக்கிற ஊர். மாதம் ஒருமுறை படகில் போய் அங்கே முகாம் போடுவோம். அங்கேதான் ஏழுமலை நைனா இருந்தார். ஊரில் பெரியவர்களுக்கெல்லாம் நைனா பட்டம் உண்டு என்றாலும், வெறுமனே நைனா என்றால் அது அவர்தான். வலை, படகு எதுவும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி என்ற கூடை. கை இரண்டும் வேலையில் இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார். வாழ்நாளில் பாதி வாயில் கயிறோடு கழிந்ததால் பேச்சு குறைந்துபோன மனிதர். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவார்.

மனைவி இல்லை. மகன்கள் இரண்டு பேர். மூத்தவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை. இளையவர் ஏரி பார்க்க வருகிறவர்களைப் படகில் சுற்றிக் காட்டுகிறவர். ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். வாசல் பொது. மூத்த மருமகள் தேவகி, ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர்கள் கொடுத்த ஃப்ரீசர் பெட்டியை வைத்து வாசலில் இடது பக்கம் கடை போட்டிருந்தாள். கோடையில் ஊரே அவள் பெட்டியைச் சுற்றித்தான் நிற்கும்.

பிறகு இளைய மருமகளாகச் சரண்யா வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு பெரிய மாலில் ஃப்ரோசன் யோகர்ட் கடையில் வேலை செய்தவள். சும்மா இருக்க முடியாமல், தானே செய்து பார்க்கிறேன் என்று வாசலின் வலது பக்கம் ஒரு பழைய பெட்டியை வாங்கி வைத்தாள். கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, மாம்பழக் கூழும் சர்க்கரையும் அடித்துக் கலந்து உறைய வைப்பாள். பாதி உறைந்ததும் எடுத்து மறுபடி அடிப்பாள், மறுபடி வைப்பாள். அப்போதுதான் பல்லில் ஐஸ் நறநறக்காதாம். அவள் சொன்ன பெயர் ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை. ஐஸ் தயிரு என்று ஆக்கிவிட்டார்கள். அத்தோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவள் ஒரு அட்டையில் எழுதி மாட்டினாள்: "இது ஐஸ்கிரீம் அல்ல. உடம்புக்கு நல்லது."

எதிர்ப் பெட்டிக்காரிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தயிரை ஐஸில் வைத்துத் தின்றால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்று தேவகி குழாயடியில் சொல்ல ஆரம்பித்தாள். ஐஸ்கிரீமில் முழுக்கக் கொழுப்பு, மாரை அடைக்கும் என்று சரண்யா படகுத்துறையில் சொன்னாள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பால் கட்சி, தயிர் கட்சி என்று பேரே வந்துவிட்டது. இரண்டிலும் சேராமல் இரண்டு பக்கமும் ஓசியில் ருசி பார்த்த புத்திசாலிகளும் இருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் மாத்திரையில் ஒழுங்காக அடங்கிக் கிடந்த நைனாவின் சர்க்கரை மேலே ஏறியது. முகாமில் அளந்து டாக்டரிடம் காட்டினேன். என்ன சாப்பிடுகிறீர்கள் ஐயா என்று கேட்டுவிட்டு டாக்டர் வழக்கம்போலக் காத்திருந்தார். நைனா வாயைத் திறப்பதற்குள் இரண்டு பக்கமும் நின்ற மருமகள்கள் பதில் சொன்னார்கள். அக்கா தினமும் ஒரு கப் ஐஸ்கிரீம் கொடுக்கிறாங்க, அதனாலதான் என்றாள் சரண்யா. அவ கொடுக்கிற தயிருலதான் சர்க்கரை கொட்டிக் கிடக்குது என்றாள் தேவகி. டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டும் வேண்டாம் என்றார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நைனாவும் ஆட்டினார். காலைப் பார்க்கலாம் என்று டாக்டர் திரும்புவதற்குள், தண்ணி வத்துற நேரம், எறா புடிக்கணும் என்று முணுமுணுத்துவிட்டு நைனா ஏரிப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த மாதம் இன்னும் ஏறியிருந்தது. நான் நிறுத்திவிட்டேன், அவள்தான் நிறுத்தவில்லை என்று இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். நைனா அன்றைக்கும் ரத்தத்தைக் கொடுத்துவிட்டுக் காலைக் காட்டாமல் நழுவினார். சண்டை முற்றி, என் தயிரால் ஏறாது, வேண்டுமானால் டெஸ்ட் செய்து பாருங்கள் என்று சரண்யா சொல்ல, செய்யட்டுமே, யாருக்குப் பயம் என்று தேவகி சொன்னாள். டாக்டர் அதுவரை மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "சரிம்மா. செய்வோம். ஆனா ஐயாவ வெச்சு இல்ல. உங்க ரெண்டு பேர வெச்சு" என்றார்.

இரண்டு பேருக்கும் சர்க்கரை நோய் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டோம். குறித்த நாளில் வெறும் வயிற்றோடு, ஆளுக்கொரு ஐஸ் டப்பாவைச் சுமந்துகொண்டு, ஒரே படகில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து எங்கள் நிலையத்துக்கு வந்தார்கள். டாக்டரின் விதி ஒன்றுதான். தன் பொருளைத் தானே தின்னக் கூடாது. அடுத்தவள் பொருளைத் தின்ன வேண்டும். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. இத்தனை நாள் சண்டையில் ஒருத்தி செய்ததை ஒருத்தி வாயில் வைத்ததே இல்லை. தேவகி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஐஸ் தயிரில் ஸ்பூனை விட்டாள். இரண்டாவது வாயில் சுளிப்பு போய்விட்டது. கடைசியில் கப்பின் அடியை அவள் சுரண்டுகிற சத்தம் கேட்டது. நாங்கள் பார்ப்பதைப் பார்த்ததும் கப்பைக் கீழே வைத்துவிட்டு, புளிப்பே இல்லையே என்று குறை சொன்னாள். சரண்யா வெனிலாவைத் தின்று முடித்துவிட்டு, பரவாயில்லை என்றாள்.

இடைவெளி விட்டு இரண்டு பேர் விரலிலும் குத்தி அளந்துகொண்டே இருந்தேன். காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்காமல், தயிரில் நல்ல கிருமி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாயே, பார்க்கிறாயா என்று சரண்யாவைக் கேட்டேன். ஒரு துளி ஐஸ் தயிரைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காய வைத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஊதா நிறத்தில் குச்சி குச்சியாகவும் மணி மணியாகவும் தெரிந்தன. சரண்யா பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். தேவகியும் வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

அடுத்த வாரம் மாற்றித் தின்று அளந்ததும் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். யார் எதைத் தின்றாலும் சர்க்கரை ஏறத்தான் செய்தது. ஒன்று கொஞ்சம் வேகமாக ஏறியது, ஒன்று மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது என்றும் டாக்டர் எச்சரித்தார். பிறகு சரண்யாவிடம், தயிரில் எவ்வளவு சர்க்கரை போடுகிறாய் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

சரண்யா தரையைப் பார்த்தாள். "புளிப்பு போற வரைக்கும்" என்றாள்.

குளிர்ந்துபோன பண்டத்தில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், அதனால் இன்னும் கொஞ்சம் போடத் தோன்றும் என்று டாக்டர் அவளுக்காகவே பரிந்து பேசினார். கொழுப்பு குறைவு, கிருமி நல்லது, அதில் அவள் பொருளுக்கு மார்க். ஆனால் உடம்புக்கு நல்லது என்ற எண்ணத்தில் கப்பைப் பெரிதாக வைத்திருக்கிறாள், அதில் அந்த மார்க் போய்விட்டது. தேவகி ஆவலாக, அப்படியானால் யார் ஜெயித்தது என்றாள். "ரெண்டு பேரும் சர்க்கரைதான் விக்கிறீங்கம்மா. நீங்க பாலோட விக்கிறீங்க, அவங்க தயிரோட விக்கிறாங்க. ஓடி ஆடுற பிள்ளைங்க எப்பவாவது சாப்பிடட்டும். உங்க மாமனாருக்கு வேண்டாம்" என்றார் டாக்டர்.

இத்தோடு சமாதானம் ஆகிவிடும் என்று நான் நினைத்தேன். ஆனால் தேவகி ஊருக்குப் போய், மைக்ராஸ்கோப்பில் கம்பி கம்பியாக என்னமோ தெரிந்தது என்று ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது அவ்வளவுதான். குழாயடியைத் தாண்டும்போது கம்பி பூச்சியானது. படகுத்துறைக்கு வரும்போது பூச்சி புழுவாகி நெளிந்தது. சரண்யாவின் பெட்டியை யாரும் திறக்கவில்லை. அவள் சாப்பிடாமல் அழுதுகொண்டு கிடக்க, அண்ணன் தம்பி இரண்டு பேரும் வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இளையவர் வீட்டைக் காலி செய்துகொண்டு பழவேற்காட்டுக்கே போய்விடுகிறேன் என்று சாமான் கட்ட ஆரம்பித்ததாகச் செய்தி வந்தது.

அந்த மாத முகாமுக்கு நான் மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு படகில் போனேன். முகாம் நடந்தது புயல் பாதுகாப்புக் கட்டடத்தில். ஜன்னல் பக்கம் வெளிச்சம் பார்த்து வைத்துவிட்டு, வீட்டில் உறை குத்திய தயிர் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஒரு சொட்டு கொண்டு வரலாம் என்றேன். கிண்ணத்திலும் டம்ளரிலும் உள்ளங்கையிலும் கொண்டு வந்தார்கள். எல்லாத் தயிரிலும் அதே ஊதாக் குச்சி. முதலில் பதறினார்கள். இந்தக் குச்சி இல்லாவிட்டால் பால் தயிராகவே ஆகாது, இது நம் பாட்டன் பூட்டன் தின்றது என்றதும் சிரிக்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுத் தயிரில்தான் குச்சி அதிகம் என்று இரண்டு பெண்கள் பெருமைக்குச் சண்டை போட்டார்கள். கடைசியாகத் தேவகி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். பார்த்தாள். "என்னுதுலயும் அதான் கீது" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. அந்த மட்டில் அவள் நேர்மையான பெண்.

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில்தான் டாக்டர் நைனாவை வழிமறித்து உட்கார வைத்திருந்தார். சர்க்கரை குறையவே இல்லை. கண்ணை மூடச் சொல்லி இழையை எடுத்தார். நைனா கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா" என்றார். சிறிது விட்டு, மறுபடி "ஆமா." மறுபடி "ஆமா."

நான் திரும்பிப் பார்த்தேன். டாக்டரின் கையில் இருந்த இழை அவர் காலைத் தொடவே இல்லை. காற்றில் நின்றிருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். இடது சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், சிப்பி கிழித்த காயம் ஒன்று கறுத்துப் போய், ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. வாடை வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. காயம் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். கிட்டே நின்றிருந்த சரண்யா வாயைப் பொத்திக்கொண்டாள். தேவகி சுவரில் சாய்ந்துவிட்டாள். டாக்டர் என்னையும் நைனாவையும் தவிர எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்.

கதவு சாத்தியதும், சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போக வேண்டும், விரல் போகலாம், இன்னும் விட்டிருந்தால் காலே போயிருக்கும் என்று உள்ளதைச் சொன்னார். நைனா தலையை ஆட்டினார். அதன்பின் டாக்டர் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு எது புடிக்கும்? ஐஸ்கிரீமா, தயிரா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வெளியே மருமகள்கள் அழுகிற சத்தம் கேட்டது. நைனா பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனுக்கு இனிப்பே புடிக்காதும்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வருமா அழுகை வருமா என்று தெரியவில்லை. டாக்டர் அசையவில்லை. அவர் மேலும் காத்திருக்க, ஏரியில் கழித்த காலமெல்லாம் சேர்த்துவைத்த பேச்சு அந்த மனிதரிடமிருந்து வந்தது. "பெரியவ கப்ப வாங்கிக்கினா சின்னவ மொகம் சுருங்குது. சின்னவளுது வாங்கிக்கினா பெரியவ அடுப்பாண்ட போயி பாத்திரத்த ஒடைக்கிறா. ஏற்கெனவே நடுவுல செவுரு கீது. ஒண்ணுத்த வாணாம்னு சொன்னா ஒருத்தன் வீட்ட வுட்டே பூடுவான். அதான் ரெண்டையும் துன்னுட்டேன்." அதன்பின், இதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டோம் என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார். அந்தக் குடும்பம் இதைப் படிக்கப் போவதில்லை, இருந்தாலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சென்னையில் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. திரும்பி வந்ததும் டாக்டர் சீட்டில் பெரிய எழுத்தில், இனிப்பு எதையும் தொடக் கூடாது என்று எழுதி, படித்தும் காட்டினார். பத்தியம் சொன்னதும் முகம் மலர்ந்த நோயாளியை என் சர்வீசில் நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். யார் கப்பை நீட்டினாலும் சீட்டைக் காட்டிவிடலாம் அல்லவா.

ஆனால் புண் ஆறுவதற்குத் தினமும் கழுவிக் கட்ட வேண்டும். டாக்டர் இரண்டு மருமகள்களையும் கூப்பிட்டு முறையைக் கற்றுக்கொடுத்தார். ஒருவர் பாதத்தைக் கீழே படாமல் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் சலைன் ஊற்றிக் கழுவ வேண்டும். ஒருவர் துணியை வைக்க, இன்னொருவர் சுற்ற வேண்டும். இது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை, இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும், ஒருத்தர் இல்லாவிட்டால் கட்டவே கூடாது என்றார் மிகக் கண்டிப்பாக. நானும் நர்சும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் நர்ஸ் போன் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் அந்தக் கட்டைப் போட்டுவிடுவாள். டாக்டர் பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

முதலில் கட்டுகிறபோது பேச்சே கிடையாதாம். "தூக்கு", "ஊத்து" இரண்டு சொல்தான். பிறகு துணி போதாது, பஞ்சு தீர்ந்தது என்று ஆரம்பித்து, மெல்ல மெல்ல வேறு பேச்சும் வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். இளையவர் கட்டின சாமானை அவிழ்த்துவிட்டார். கடைகள் எதிரும் புதிருமாகத்தான் இருந்தன. எது நல்லது என்ற சண்டையும் விடவில்லை, ஆனால் இப்போது அதைச் சிரித்துக்கொண்டே போட்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, நைனாவின் புண் முழுக்க மூடிவிட்டது. சர்க்கரையும் அடங்கியிருந்தது. முகாமில் இரண்டு பேரும் கழுவிச் சரண்யாவின் மடியில் வைத்திருந்த பாதத்தை டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் கட்டு வேண்டாம், தினமும் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, சிராய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்றார். ஒரு நொடி யோசித்துவிட்டு, அதையும் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும் என்றார்.

சரண்யா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். தேவகிதான் பேசினாள்.

"ஒரு ஆளு போதும்னு எங்களுக்கு மொதல்லயே தெரியும் டாக்டரம்மா. மெட்ராஸ் ஆஸ்பத்திரில நர்சம்மா ஒண்டியாதான கட்டுனாங்க. நாங்க ரெண்டு பேரும் பார்த்துனுதான இருந்தோம்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அப்புறம் ஏன் இத்தனை நாள் சேர்ந்து கட்டினீர்கள் என்று கேட்டார்.

தேவகி மாமனார் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "நாங்க ரெண்டு பேரும் சேந்தாப்புல வந்து கீழ ஒக்காந்தா, அவுரு மொகம் எப்டி ஆவுதுன்னு நீங்க பார்த்ததில்லயே. அதுக்கோசரம்தான்."

நைனா ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காதவர் போலத்தான் இருந்தார். கழுவிய பாதம் மட்டும் இன்னும் சரண்யாவின் மடியில் இருந்தது. அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.